ஆறு புள்ளி மூன்று

ஹம்ரியாவில் வெள்ளிக்கிழமை.
ஜூஸ் நிரப்பும் வரிசைகள் வாய்மூடி நிற்கின்றன.
குல்சார் தொழுகைக்குப் போயிருக்கிறான்.
கம்ப்ரசர் அறையில் நானும்
நாலு எந்திரங்களும் ஒரு பூனையும்.

காற்றுக் கேட்க ஆளில்லை.
ஆனாலும் ஒன்றாம் எண்
நாற்பது நொடி இழுக்கிறது,
அறுபது நொடி ஓய்கிறது,
மறுபடி நாற்பது.
செல்போனில் எண்ணினேன், பத்து முறை.
நூற்றுக்கு நாற்பது.
பூட்டிய மண்டபத்தில் யாருக்கு இந்தப் பந்தி?

வேலை நாளில் நாலும் ஓடும்,
ஆளுக்கொரு அழுத்தம், ஆளுக்கொரு பிடிவாதம்.
ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும்.
அன்லோடு விளக்கு எரிந்தால்
மூன்றாம் எண் சும்மா இருக்கிறது என்பான் குல்சார்.
அதன் கேபிளை மீட்டரால் கவ்விப் பார்த்தேன்.
சும்மா இருப்பதற்கே
மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் தின்கிறது
குண்டூசி அளவு காற்றுக்கூடத் தராமல்.

ஆகஸ்டில் சோப்பு நுரை வாளியோடு புறப்பட்டோம்,
இரவுப் பணியில், எந்திரங்கள் ஓய்ந்த நேரமாகப் பார்த்து.
நட்டு நட்டாகக் காதை வைத்து.
நுரை கொப்பளித்த இடத்திலெல்லாம் சிவப்புச் சீட்டு:
நூற்றுமுப்பத்தேழு.
லேபிள் ஒட்டும் எந்திரத்தின் பின்னால்
ஒரு குழாய்க்கு யாரோ கந்தல் சுற்றியிருந்தார்கள்,
விரல் காயத்துக்குச் சுற்றுவதுபோல்.
கந்தலின் நுனி படபடத்துக்கொண்டே இருந்தது.

பேக்கிங் ஆட்கள் காற்றுக் குழாயைச்
சட்டைக் காலருக்குள் விட்டுக்கொள்வார்கள்.
தப்பு. ஆபத்தும்கூட.
ஒரு பழைய மின்விசிறியைத் தேடி அங்கே மாட்டிவிட்டு
அந்த வரியை அறிக்கையில் விட்டுவிட்டேன்.
ஆகஸ்டில் அந்தத் தகரக் கூரையின்கீழ் நின்றவன் எழுதமாட்டான்.

அப்புறம் அழுத்தம்.
ஏழரை பார். யார் வைத்தது?
எப்பவும் ஏழரைதானே என்றார் ஷிபு சார்.
எங்கள் பக்கம் ஏழரை என்றால் சனி;
இறக்கிவிட எள் விளக்கு ஏற்றுவார்கள்.
எனக்குக் கீழ்நோக்கிய அம்புக்குறிப் பொத்தான் இருந்தது.

இரவுக்கு ஒரு புள்ளி.
ஏழு நாலு. ஒருவரும் வரவில்லை.
ஏழு மூன்று.
ஏழு இரண்டில் போன் அடித்தது; தவறான எண்.
ஆறு ஒன்பதில், இன்று லைன் நன்றாக ஓடுகிறதே என்றார் ஷிபு சார்.
ஆறு இரண்டில்
கடைக்கோடியில் மூடி முறுக்கும் எந்திரம்
ஒரு மூடியைத் தளர்வாக விட்டது.
ஒரே ஒரு மூடி.
திலக் அந்தப் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்,
மாம்பழச் சாறு அவன் முழங்கைவரை வழிந்தது.
ஒரு புள்ளி ஏற்றினேன்.
அங்கேயே நிறுத்தினேன்.

டிசம்பரில் நாலுக்கும் சேர்த்து ஒரு பெட்டி வந்தது,
உள்ளங்கை அகலத் திரையோடு.
ஒன்றும் இரண்டும் மாறாத சுமையைச் சுமக்கும்.
வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த நான்காம் எண்
மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்,
வந்த தலைகளை எண்ணி உலை வைக்கிற மாதிரி.
மூன்றாம் எண் நிற்கும்.
அன்லோடு இல்லை. அணைப்பு.

கேக் வெட்டினார்கள்.
ஒரு மாதத்தில் மிச்சமான திர்ஹம்
சுவரில் பச்சை எழுத்தில் விழுந்தது.
கைதட்டிக்கொண்டே அதை என் சம்பளத்தால் வகுத்தேன்.
ஆறு மாதம் வந்தது, கொஞ்சம் மீதியும்.
குல்சாரின் காதில் மட்டும் சொன்னேன்.
அவன் தன் கேக்குத் துண்டை
என் தட்டுக்குத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனான்.

பூனைக்கு யாரும் தகவல் தரவில்லை.
கடல் பக்கமிருந்து குளிர் இறங்கிய இரவு
வழக்கம்போல் மூன்றாம் எண்ணின் மேல் ஏறியது.
மோந்தது.
தகரத்தை முன்காலால் தொட்டுப் பார்த்தது.
என்னைப் பார்த்தது,
நான் ரேடியேட்டர் அளவைக் குறிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.
பிறகு இறங்கி,
அவசரமில்லாமல்,
இரண்டாம் எண்ணை நோக்கி நடந்தது.